உருண்டை முனை எழுத்துரு குழந்தைத்தனமா? ஒரு பல் மருத்துவமனைப் பலகையை முன்வைத்து

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவரின் பல் மருத்துவமனைக்குப் பெயர்ப்பலகை, அப்பாயின்ட்மென்ட் அட்டை, சின்னதாக ஒரு இணையதளம், இந்த மூன்றையும் ஒரே முகச்சாயலில் செய்ய நினைக்கிறீர்கள். டிசைன் செய்து கொடுத்தவர் எல்லாவற்றிலும் வி.ஏ.ஜி. ரவுண்டட் என்ற எழுத்துருவைப் போட்டிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா, நர்சரி ஸ்கூல் போர்டு மாதிரி இருக்கு" என்றாராம். இந்த வகை எழுத்துரு எதற்குத்தான் ஆகும், தமிழ் எழுத்தே உருண்டையாகத்தானே இருக்கிறது, தமிழுக்கும் இதே பாணி தானாகப் பொருந்திவிடுமே என்று கேட்கிறீர்கள். மேலே பார்த்தால் ரசனைக் கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது அளவுக் கேள்வி. உருண்டை முனை எந்த அளவில் கண்ணுக்குத் தெரிகிறது, தெரியும்போது என்ன செய்கிறது, தெரியாதபோது மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. இருபது வருடங்களுக்கு மேலாக டி.டி.பி. வேலையும் பெயர்ப்பலகை வேலையும் செய்கிறேன். ஃப்ளெக்ஸ், வினைல், அக்ரிலிக், எல்.இ.டி. எல்லாம் கையில் பட்டவை. எழுத்துரு வரைபவன் அல்ல. ஒரு முழு எழுத்துருவை நான் வரைந்ததில்லை. மற்றவர் வரைந்ததை வெட்டி, ஒட்டி, எரியவிட்டுப் பார்த்தவன். அதனால் பலகை, அச்சு பற்றி உறுதியாகச் சொல்கிறேன். மனித மனத்தில் அது என்ன செய்யும் என்ற இடத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

பெயரில் இரண்டு வேறு வேறு குணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றை முதலில் பிரிக்க வேண்டும். "ஜியோமெட்ரிக்" என்பது எழுத்தின் எலும்பைப் பற்றியது. ஆங்கில 'ஓ' வட்டத்தை நெருங்கியிருக்கும், கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றுபோல் இருக்கும், பேனா சாய்ந்த தடயம் இருக்காது. பால் ரென்னர் வரைந்து 1927இல் வெளிவந்த ஃப்யூச்சுரா இதற்கு மூத்த உதாரணம். "ரவுண்டட்" என்பது தோலைப் பற்றியது. கோடு முடியும் இடம் சதுரமாக வெட்டப்படாமல் அரைவட்டமாக மழுங்கியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று சட்டமில்லை. ஹெல்வெட்டிகா ரவுண்டட் என்று ஒன்று உண்டு, அதன் எலும்பு ஜியோமெட்ரிக் கிடையாது, முனை மட்டும் உருண்டை. ஃப்யூச்சுராவின் எலும்பு சுத்த ஜியோமெட்ரிக், முனையோ கத்தி மாதிரி. உங்கள் டாக்டருக்குப் பிடிக்காதது எலும்பா தோலா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தோல்தான். எலும்பைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதேயில்லை. ஆனால் படிக்கும்போது உதவுவதும் உபத்திரவம் தருவதும் அதுதான்.

வி.ஏ.ஜி. ரவுண்டட்டின் பிறப்பைக் கேட்டால் டாக்டர் ஆச்சரியப்படுவார். அது நர்சரிக்காக வரைந்தது கிடையாது. கார் கம்பெனிக்காக வரைந்தது. பெயரில் இருக்கும் மூன்று எழுத்தே ஃபோக்ஸ்வாகனையும் ஆடியையும் சேர்த்து விற்ற விற்பனை அமைப்பின் பெயர்தான். ஃபோக்ஸ்வாகன் ஃப்யூச்சுராவைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஆடி நிறுவனம் டைம்ஸ் என்ற எழுத்துருவை வைத்திருந்தது. ஒரே ஷோரூம் வாசலில் இரண்டும் நின்றால் மாமியார் மருமகள் கதைதான். இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது எழுத்து தேவைப்பட்டது. 1970களின் கடைசியில் லண்டன் ஸெட்லி பிளேஸ் நிறுவனத்தில் ஒரு குழு அதை வரைந்தது. அந்தக் குழுவில் இருந்த ஜெரி பார்னிதான் அதற்கு முன்பே பிரிட்டிஷ் ரயில்வேயின் இரட்டை அம்புச் சின்னத்தை வரைந்தவர். ரயிலுக்கு அம்பு, காருக்கு உருண்டை. பிறகு ஃபோக்ஸ்வாகன் ஃப்யூச்சுரா வழி வந்த எழுத்துக்கே திரும்பிப் போய்விட்டது. எழுத்துரு மட்டும் பொதுச் சந்தைக்கு வந்து, எங்கெங்கோ போய், கடைசியில் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைப்பலகையில் வந்து உட்கார்ந்தது. 2015இல் வந்த மெல்லிய மேக்புக்கில் அந்த நிறுவனம் சொந்த எழுத்தான சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறும்வரை, கோடிக்கணக்கான விரல்களுக்குக் கீழே இருந்தது இந்த 'நர்சரி' எழுத்துதான். கணக்கு எழுதுகிறவர், வழக்கறிஞர், மருத்துவர் என்று எல்லோரும் தினமும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் குழந்தைத்தனம் என்று சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரணத் தடிமன் உள்ள எழுத்தில் நேர்கோட்டின் அகலம் எழுத்துரு அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பாயின்ட்டில் அச்சடித்தால் கோடு 1 பாயின்ட், அதாவது சுமார் 0.35 மில்லிமீட்டர். முனையின் அரைவட்ட ஆரம் அதில் பாதி, 0.18 மில்லிமீட்டர்கூட வராது. காகிதத்தில் மை கொஞ்சம் பரவுவது எப்போதும் உண்டு. சதுர முனையும் அங்கே மழுங்கித்தான் விழும், உருண்டை முனையும் மழுங்கித்தான் விழும். கைபேசித் திரையிலும் இதே கதைதான்: 16 பிக்ஸல் எழுத்தில் முனை ஆரம் ஒரு பிக்ஸலுக்கும் குறைவு. இப்போது பலகைக்கு வாருங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுத்து வெட்டுகிறோம். கோட்டின் அகலம் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு என்றால் 4 சென்டிமீட்டருக்கு மேல். முனை ஆரம் 2 சென்டிமீட்டர். சாலையின் அந்தப் பக்கம் டீ குடிப்பவருக்கும் தெரியும். ஆக, உருண்டை முனை பெரிய அளவில் மட்டும்தான் பேசுகிறது. சின்ன அளவில் அது வாயை மூடிக்கொள்கிறது. விசைப்பலகையில் எழுத்து சிறியது, அதனால் முனை கத்தவில்லை. உங்கள் பலகையில் பெரியது, அதனால் டாக்டர் காதில் விழுந்துவிட்டது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நுனிட்டோ என்ற இலவச எழுத்துரு உருண்டை முனை உள்ளது. அதே எலும்பில் முனையை வெட்டி நேராக்கியது நுனிட்டோ சான்ஸ். ஒரே வாக்கியத்தை இரண்டிலும் 9 பாயின்ட்டில் அச்செடுத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது கொடுங்கள். பிறகு அதையே ஒரு சாண் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கொடுங்கள். முதல் தடவை உதட்டைப் பிதுக்குவார்கள், இரண்டாவது தடவை ஒரு நொடியில் சொல்வார்கள்.

பெரிய அளவில் உருண்டை முனை செய்வது என்ன? வேலை சம்பந்தப்பட்ட பலன்கள் சில உண்டு. அவை ரசனைக்கு அப்பாற்பட்டவை. வினைல் ஸ்டிக்கரில் முதலில் தூக்கிக்கொண்டு வருவது கூர்மூலைதான். கண்ணாடிக் கதவைத் துடைக்கிற துணி அந்த மூலையில்தான் மாட்டும். முனை உருண்டையாக இருந்தால் பிடிமானம் நன்றாக இருக்கும். சிஎன்சி ரவுட்டரில், அதாவது கணினி சொல்லும் பாதையில் வெட்டுகிற மிஷினில், சுழலும் வெட்டுமுனையான பிட் வட்டமானது. உள்மூலையை அது ஒருபோதும் கூர்மையாக வெட்டாது, பிட்டின் ஆரம் அங்கே தங்கிவிடும். கூர்மையான எழுத்துருவைக் கொடுத்தால் வெளிமூலை கூராகவும் உள்மூலை மழுங்கலாகவும் வந்து, அரைகுறையாகத் தெரியும். உருண்டை எழுத்தில் இரண்டும் ஒரே பேச்சைப் பேசும். எல்.இ.டி. வைத்த எழுத்திலோ தடிமன் எங்கும் ஒன்றுபோல் இருப்பதால் மாட்யூலை, அதாவது சின்னச் சின்ன விளக்குத் துண்டுகளை, ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டே போகலாம். கூர்முனையில் வெளிச்சம் எட்டாமல் இருட்டு விழும் தொல்லையும் குறைவு. நியான் குழாய் காலத்திலிருந்தே இப்படித்தான்: வளைத்த கண்ணாடிக் குழாய்க்கு உருண்டை முனை இயற்கை. செதுக்குகிற, துளைக்கிற, வளைக்கிற கருவிகளுக்கு உருண்டை முனை சொந்தப் பிள்ளை. சதுர முனை தத்துப் பிள்ளை.

மனத்தில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு உறுதியாக என்னால் பதில் சொல்ல முடியாது. மோஷே பாரும் மைட்டல் நெட்டாவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கூர்மையான விளிம்புள்ள வடிவங்களைவிட வளைந்தவற்றை மக்கள் அதிகம் விரும்புவதாகக் கண்டார்கள். பூபா, கிகி என்ற சோதனையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் உருண்டை உருவத்தையும் ஒரு முள் உருவத்தையும் காட்டி எது 'பூபா', எது 'கிகி' என்று கேட்பது. 2001இல் ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பார்டும் அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டபோது, பெரும்பாலோர் உருண்டையைத்தான் பூபா என்றார்கள். உருண்டைக்கு மனத்தில் மென்மையான இடம் உண்டு என்பதுவரை இதிலிருந்து சொல்லலாம். "ஆகவே உருண்டை எழுத்து வைத்த பல் மருத்துவமனைக்குக் கூட்டம் கூடும்" என்று இழுத்தால் அது வியாபாரப் பேச்சு. அந்தச் சோதனைகள் நடந்தது உருவத்துக்கும் ஒலிக்கும், பெயர்ப்பலகைக்கு அல்ல. பழக்கமும் பெரிய காரணம். நம்மூரில் பால் பாக்கெட், டயபர், ப்ளே ஸ்கூல் என்று உருண்டை எழுத்தைக் குழந்தை சமாச்சாரத்தோடு பார்த்தே பழகிவிட்டோம். ஜப்பானில் சாலை வழிகாட்டிப் பலகைகளில் நெடுங்காலமாக உருண்டை முனை எழுத்துதான். அங்கே அது அரசாங்கத்தின் குரல். அதே முனை, வேறு ஊர், வேறு அர்த்தம். ஊசி, டிரில் என்றாலே பயந்து வருகிற இடத்துக்குக் கூர்மை குறைந்த எழுத்து நல்லதுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது என் எண்ணம் மட்டுமே.

இனி ஜியோமெட்ரிக் எலும்பின் தொல்லைகள். இவை சின்ன அளவிலும் தொடர்ந்து வரும் என்பதால் அட்டையிலும் இணையதளத்திலும் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். குவிக்சாண்ட், கம்ஃபோர்ட்டா போன்ற உருண்டை எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய 'ஏ' மேல் கொக்கி இல்லாமல் ஒரு வட்டமும் ஒரு கோடுமாக இருக்கும். சிறிய 'ஓ'வுக்கும் அதற்கும் வித்தியாசம் அந்த ஒற்றைக் கோடுதான். நுனிட்டோவில் 'ஏ'வுக்கு மேல் கொக்கி உண்டு, அதனால் பத்தி எழுத்துக்கு அது பாதுகாப்பு. பெரிய 'ஐ', சிறிய 'எல்', எண் ஒன்று, மூன்றும் பல ஜியோமெட்ரிக் எழுத்துருக்களில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் இது வம்பு. எண்களில் 3, 6, 8, 9. முனை உருண்டு, வாய் குறுகி, தடிமனும் ஏறினால் 3 மெதுவாக 8 ஆகத் தொடங்கும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மருந்துக்கடைக்கு நானே அப்படி ஒரு அட்டை அடித்துக் கொடுத்தேன். தடித்த உருண்டை எழுத்தில் தொலைபேசி எண், ஸ்கிரீன் பிரின்டிங். மை இறங்கியதில் இரண்டு 3களும் 8 மாதிரி ஆகி, யாரோ ஒரு வீட்டம்மாவுக்கு இரவு பகலாக இருமல் மருந்து கேட்டு ஃபோன் போயிருக்கிறது. கடைக்காரர் சிரித்தார், அந்த அம்மா சிரிக்கவில்லை. ஐந்நூறு அட்டை என் கைக்காசில் திரும்ப அடித்தேன். அதனால் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்: தொலைபேசி எண், நேரம், மருந்தளவு இந்த மூன்றுக்கும் தடித்த உருண்டை எழுத்து வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, டிசைன் செய்பவர்கள் செய்யும் குறுக்கு வழி. கையில் இருக்கிற சதுர முனை எழுத்தை எடுத்து, மென்பொருளில் மூலை உருட்டும் கட்டளையைக் கொடுத்து, "ரவுண்டட் ஆக்கிட்டேன் சார்" என்பார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். சதுர முனையை உருட்டினால் கோடு குட்டையானதுபோல் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அரைவட்டத்தின் உச்சி மட்டும்தான் எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடிக்கோட்டைத் தொடுகிறது. 'ஓ' போன்ற வட்ட எழுத்தை எழுத்துரு வரைபவர்கள் எப்போதும் மேலும் கீழும் உயரத்தில் ஓரிரு சதவீதம் வெளியே நீட்டித்தான் வரைவார்கள், இல்லாவிட்டால் மற்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். உருண்டை முனைக்கும் அந்த நீட்டல் வேண்டும். ஆங்கிலப் பெரிய 'ஏ'வின் உச்சியில் இது நன்றாகத் தெரியும். கட்டளை கொடுத்து உருட்டிய 'ஏ', வரிசையில் நிற்கும் குள்ளமான பையன் மாதிரி இருக்கும். வளைவும் நேர்கோடும் சேரும் இடங்களில் கட்டி கட்டியாகத் திரளும். சுத்தமான வட்டமும் கண்ணை ஏமாற்றும். காம்பஸ் வைத்து ஒரே தடிமனில் வளையம் போட்டால் மேலும் கீழும் இருக்கும் படுக்கைப் பகுதி பக்கங்களைவிடத் தடியாகத் தெரியும். அதனால் நல்ல ஜியோமெட்ரிக் எழுத்துருவில் படுக்கைக் கோடுகளைக் கொஞ்சம் மெலித்து வரைந்திருப்பார்கள். வடிவியல்போல் தெரிவதற்காக வடிவியலைக் கொஞ்சம் மீறுகிறார்கள். ஃபான்ட்டுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்து உருண்டை, அதனால் தானாகப் பொருந்தும் என்றீர்கள். ஓலையில் நேர்கோடு போட்டால் கிழியும், அதனால்தான் நம் எழுத்து வளைந்தது என்று எல்லோரும் சொல்வதுதான் இதற்கும் அடிப்படை. எழுத்தாணி ஒரே தடிமனில் கீறும் என்பது உறுதி. அந்த அளவில் நம் எழுத்துக்கும் ஒரே தடிமன் எழுத்துருவுக்கும் பழைய உறவு உண்டு. ஆனால் ஓலைக்கு அஞ்சி வளைந்தது என்பதை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம், ஏனென்றால் அதே ஓலையில் ப, ட, ம எல்லாம் நேர்கோட்டோடும் மூலையோடும் இருந்துகொண்டேதான் இருந்தன. தமிழ் வரிவடிவம் வளைவும் மூலையும் கலந்தது. மூலையை உருட்டிவிட்டால் சில எழுத்து தன் அடையாளத்தை இழக்கும்.

உங்கள் பலகையில் எப்படியும் வரப்போகிற சொல்லையே எடுத்துக்கொள்வோம்: பல் மருத்துவமனை. முதல் எழுத்து ப. அதன் முனைகள் இரண்டு, மேலே இடமும் வலமும். மூலைகள் இரண்டு, கீழே இடமும் வலமும். முனையை உருட்டினால் ஒன்றும் ஆகாது. மூலையையும் பெரிதாக உருட்டினால் அது ஆங்கில 'யூ'. பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் பெயர் இருக்கிற பலகையில் கண் தடுமாறும். ஆகவே தமிழில் முனை வேறு, மூலை வேறு என்று பிரித்துப் பார்க்கிற எழுத்துரு வேண்டும். அடுத்து ல், மேலே புள்ளி. சதுர முனை எழுத்துருவில் புள்ளி மட்டும்தான் வட்டமாக நிற்கும், தனியாகத் தெரியும். உருண்டை எழுத்தில் புள்ளியும் கோட்டின் முனையும் ஒரே ஆரத்தில் இருப்பதால் குடும்பத்தோடு சேர்ந்துவிடும். இந்த ஒரு இடத்தில் உருண்டை முனை தமிழுக்கு அழகாகப் பொருந்துகிறது என்பேன். ஆனால் புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைவெளி போதுமா என்று பார்க்க வேண்டும், தடித்த எழுத்தில் இரண்டும் ஒட்டிப் போய்விடும். ரு, து இரண்டிலும் கீழே வால். தடிமன் ஏற ஏற வால் குட்டையாகும். தூரத்திலிருந்து து, த ஆகத் தெரியத் தொடங்கும். த்து என்று அடுத்தடுத்து வரும்போது வால் ஒன்றோடொன்று மோதும். கடைசியில் னை. இங்கே ஐகாரக் குறியில் இரண்டு சுழி, ன-வில் சுழி, எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் ன-வுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு ஒட்டியிருக்கும், பழைய கடைப் பலகைகளில் இன்னும் பார்க்கலாம். இப்போதைய வடிவம் படிக்கச் சுலபம், வெட்டுவதற்கு அவ்வளவு சுலபமில்லை.

வெட்டுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்று சுழி ண வருகிற ஒரு பெயரை 6 சென்டிமீட்டர் உயரத்தில் அக்ரிலிக்கில் வெட்டக் கொடுத்தேன். தடித்த உருண்டை எழுத்து. திரையில் லட்டு மாதிரி அழகாக இருந்தது. மிஷினில் போட்டிருந்தது 3 மில்லிமீட்டர் பிட். சுழிக்குள் இருந்த இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்தான். பிட் உள்ளே போகவே முடியாது என்பதால் மென்பொருள் அந்தப் பாதையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. வெளியே வந்தது சுழி அடைபட்ட ஒரு கட்டி, இட்லி மேல் இட்லி வைத்த மாதிரி. பிறகு லேசரில் வெட்டினோம், அதன் கீறல் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அதைவிட நல்ல வழி, தடிமனை ஒரு படி குறைப்பது. ஆங்கிலத்துக்குப் போல்டு போட்டால் தமிழுக்கு அதற்கு முந்தைய தடிமன் என்பது இப்போது என் வழக்கம்.

எந்த எழுத்துரு என்று கேட்பீர்கள். வி.ஏ.ஜி. ரவுண்டட், நுனிட்டோ, குவிக்சாண்ட் எதிலும் தமிழ் கிடையாது. இணையதளத்தில் அவற்றை மட்டும் போட்டால் தமிழ் வரும் இடத்தில் பார்ப்பவரின் கருவியில் இருக்கிற எழுத்து வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் ஒன்று, விண்டோஸில் வேறொன்று. இரண்டு மொழியையும் ஒரே கை வரைந்த எழுத்துரு வேண்டுமென்றால் உருண்டை வகையில் எக் டைப் நிறுவனத்தின் பாலூ தம்பி இருக்கிறது. இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். முதலில் ஒரே ஒரு தடித்த வடிவில்தான் வந்தது. பாலூ தம்பி 2 என்ற பிந்தைய பதிப்பில் ஐந்து தடிமன்கள் உண்டு. அது கறாரான ஜியோமெட்ரிக் கிடையாது, தூரிகைச் சாயல் உள்ள குண்டுப் பையன். குழந்தைகள் பல் மருத்துவம் என்றால் நான் யோசிக்காமல் அதைப் போடுவேன். எல்லா வயதினருக்குமான பல் மருத்துவமனை என்றால் பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான். முனை உருண்டை இல்லை, ஆனால் எலும்பு சுத்தமானது. தமிழும் ஆங்கிலமும் ஒன்பது தடிமன்களில் கிடைக்கின்றன. வி.ஏ.ஜி. ரவுண்டட் இலவசம் கிடையாது. உங்கள் டிசைனர் அதற்கு உரிமம் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள், இணையதளத்துக்குத் தனி உரிமம் தேவைப்படலாம். பென் டிரைவில் வந்த ஃபான்ட்டை வைத்து மருத்துவமனை நடத்த வேண்டாம்.

என் கையில் இந்த வேலை வந்தால் இப்படிச் செய்வேன். பலகையில் மருத்துவமனையின் பெயர் மட்டும் உருண்டை எழுத்தில், நடுத்தரத் தடிமனில். கீழே இருக்கும் டாக்டர் பெயர், பட்டம், நேரம், எண் எல்லாம் முனை நேரான எழுத்தில். டாக்டரின் நர்சரிக் குறை பாதி இதிலேயே தீரும், ஏனென்றால் அவரை உறுத்தியது பெயரைவிட அவருடைய பட்டம் உருண்டையாக இருந்ததுதான் என்று நினைக்கிறேன். நிறத்தையும் பாருங்கள்: உருண்டை எழுத்தோடு இளஞ்சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பள்ளிக்கூடம்தான், கருநீலம் ஒன்று மட்டும் போட்டால் அதே எழுத்து சட்டையை டக்கின் செய்துகொண்டு நிற்கும். உயரத்துக்குத் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. சாலையின் எதிர்ப்பக்கம் ஐம்பது அடி என்றால் ஐந்து அங்குலம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் சுழியும் வாலும் அந்த உயரத்துக்குள்ளேயே அடங்க வேண்டியிருப்பதால் நான் கால் பங்கு கூட்டிக்கொள்கிறேன். அந்தக் கால் பங்கு என் அனுபவக் கணக்கு, அளவுகோல் வைத்து நான் நிரூபித்ததில்லை. அட்டையில் உருண்டை எழுத்து பெயரில் மட்டும், அதுவும் 14 பாயின்ட்டுக்குக் குறையாமல். இணையதளத்தில் தலைப்புக்கு மட்டும். தமிழ்ப் பத்திகளுக்கு வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறைக்காதீர்கள். மேலே விசிறியும் கீழே வாலும் நம் எழுத்தில் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

டாக்டரிடம் காட்டும்போது கைபேசித் திரையில் காட்டாதீர்கள். ஒரு எழுத்தை, 'து'வையே, நிஜ அளவில் ஃப்ளெக்ஸில் அடித்து, பலகை வரப்போகிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, எதிர்க் கடை வாசலுக்கு அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஐம்பது நூறு ரூபாய்ச் செலவு. எல்.இ.டி. வைப்பதாக இருந்தால் பலகை ஏறிய அன்று இரவே ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். 'து'வின் வால் நுனிவரை வெளிச்சம் போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். போகாவிட்டால் உள்ளே இன்னொரு மாட்யூல் ஒட்டினால் போதும், எழுத்தை மாற்ற வேண்டியதில்லை.